கேம் பெட்டி சி.டி.யைத் துப்பினால்...

குக்கர் வாஷர் போனால் கடைக்கு ஓடி வாங்கி வந்து மாட்டிவிடுகிறோம். மிக்ஸி பிளேடு மழுங்கினால் தெருவில் சாணை பிடிக்க வருபவரைக் கூப்பிடுகிறோம். ஆனால், பிள்ளைகள் டி.வி.யில் மாட்டி விளையாடுகிறார்களே, அந்தக் கேம் பெட்டி "சி.டி.யைப் படிக்க மாட்டேன்" என்று முரண்டு பிடித்தால் நாம் என்ன செய்கிறோம்? "எனக்கென்ன தெரியும், உங்கப்பா வரட்டும்" என்று கையை உதறிக் கொள்கிறோம்.

நானும் அப்படித்தான் இருந்தேன், சகோதரிகளே. சென்ற மழைக் காலத்தில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சம்பவம் என்னை மாற்றிவிட்டது. அதில் செலவான பணத்தை விட, செய்யாத குற்றத்துக்கு என் பிள்ளை அடி வாங்கினான் என்பதுதான் எனக்கு இன்றும் உறுத்தல். அதனால்தான் கூச்சத்தை விட்டு எழுதுகிறேன்.

மாமா வாங்கி வந்த பெட்டி

என் கணவருக்கு நெய்வேலி சுரங்கத்தில் ஷிஃப்ட் வேலை. முன்பு டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருந்தோம். இப்போது பண்ருட்டியில் சொந்த வீடு. மகன் ஏழாம் வகுப்பு. வெளிநாட்டில் வேலை செய்யும் என் தம்பி, போன முறை ஊருக்கு வந்தபோது மருமகனுக்காக ஒரு கேம் பெட்டி வாங்கி வந்தான். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். எல்லாக் கம்பெனிக்கும் பொருந்துகிற கதைதான் இது.

லீவு நாளில் ஒரு மணி நேரம், பரீட்சை சமயத்தில் கிடையாது என்று சட்டம் போட்டிருந்தோம். பையனும் மீறவில்லை. திடீரென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெட்டி டிஸ்கை உள்ளே இழுத்தது, 'கர்... கர்...' என்று இரண்டு முறை முனகியது, திருப்பித் துப்பிவிட்டது. வேறு டிஸ்க் போட்டான். அதையும் துப்பியது.

"என்னடா பண்ணின?"

"நான் ஒண்ணும் பண்ணலைப்பா."

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த அலுப்பில் இருந்தார் இவர். "ஒண்ணும் பண்ணாம எப்படிடா கெடும்? பிஸ்கட் கையோட தொட்டியா? கீழ போட்டியா? பொய் வேற சொல்றியா?" என்று முதுகில் ஒன்று வைத்தார். நான் தடுக்கவில்லை. "மாமா ஆசையா வாங்கிக் கொடுத்ததை இப்படிப் பண்ணிட்டியே" என்று என் பங்குக்கு நானும் சேர்ந்து திட்டினேன். அன்று இரவு அவன் சாப்பிடாமல் படுத்துக் கொண்டான். அதன் பிறகு பெட்டியின் பேச்சையே எடுக்கவில்லை.

முதல் கடை

வெளிநாட்டில் வாங்கியது என்பதால் இங்கே வாரண்டி செல்லாது என்றார்கள். பக்கத்து ஊரில் ஒரு ரிப்பேர் கடைக்குக் கொண்டு போனோம். கடைக்காரர் திறந்து பார்த்து, "லென்ஸ் அவுட்டும்மா. டிரைவையே மாத்திடலாம்" என்றார். மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். வேறொரு பழைய பெட்டியிலிருந்து எடுத்த டிரைவைப் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்தால், டிஸ்க் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் கேம் மட்டும் வரவே இல்லை! திரும்பக் கொண்டு போனால், "அப்போ மெயின் போர்டே போச்சு. இனிமே வேற வாங்கிக்குங்க" என்று கையை விரித்தார்.

இந்த இடத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். "கழற்றின பழைய டிரைவைக் கொடுங்க" என்று கேட்டேன். "அது எதுக்கும்மா, குப்பை" என்றார். "குப்பையா இருந்தாலும் எங்க வீட்டுக் குப்பை, கொடுத்திடுங்க" என்று பேப்பரில் சுற்றி வாங்கிக் கொண்டேன். மிக்ஸி ஆனாலும் ஃபேன் ஆனாலும் மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குவது எங்கள் அம்மா கற்றுக் கொடுத்த பழக்கம். உண்மையிலேயே மாற்றினார்களா என்று பார்க்கத்தான் அம்மா வாங்குவாள். எனக்கோ அந்தக் குப்பைதான் கடைசியில் கை கொடுத்தது.

"அன்னிக்கு சுவிட்சை அணைச்சீங்களா, ஆன்ட்டி?"

இவரோடு வேலை செய்பவரின் மகன் ஒருவன் டிப்ளமா படித்துவிட்டு நெய்வேலியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறான். கடைசி முயற்சியாக அவனிடம் எடுத்துப் போனோம். அவன் பெட்டியைத் திறக்கவே இல்லை. முதலில் டாக்டர் மாதிரிக் கேள்வி கேட்டான்.

"ஒரு டிஸ்க்தான் ஓடலையா, எல்லாமேவா?"

"எல்லாமே."

"கொஞ்சம் கொஞ்சமா மோசமாச்சா, திடீர்னு நின்னுச்சா?"

"திடீர்னுதான். முந்தின நாள் வரைக்கும் நல்லா ஓடிச்சு."

"அதுக்கு முன்னாடி ஏதாவது அப்டேட் போட்டீங்களா? போடும்போது கரண்ட் போச்சா, சுவிட்சை அணைச்சீங்களா, ஆன்ட்டி?"

எனக்குச் சொரேர் என்றது. அதற்கு முந்தின சனிக்கிழமை ராத்திரி! நான் கிரைண்டரில் மாவாட்டிக் கொண்டிருந்தேன். மகன் படுக்கப் போகுமுன் வந்து, "அம்மா, அதுல அப்டேட் ஓடுது, தானா நின்னுடும்" என்று ஏதோ சொன்னான். கிரைண்டர் சத்தத்தில் "சரி சரி, போய்ப் படு" என்றேன். வேலை முடிந்து ஹாலுக்கு வந்தால், டி.வி. அணைந்திருக்கிறது, பெட்டியில் மட்டும் விளக்கு மினுக்குகிறது. "அணைக்காமலே தூங்கிட்டான் பாரு, கரண்ட் பில் யார் கட்டறது" என்று முணுமுணுத்துக் கொண்டே சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டிவிட்டேன்.

ஆக, கெடுத்தது பையன் இல்லை. நான்தான்!

ஃபர்ம்வேர் என்கிற பக்குவம்

அந்தப் பையன் எனக்குப் புரியும்படி விளக்கினான். அதை என் பாஷையில் சொல்கிறேன்.

பெட்டிக்குள் டிஸ்கைச் சுழற்ற ஒரு மோட்டார், அதில் உள்ளதைப் படிக்க லேசர் ஒளி, ஒளியைக் குவிக்க ஒரு சின்ன லென்ஸ் இருக்கின்றன. இவை பாத்திரம் பண்டம் மாதிரி. பாத்திரம் இருந்தால் மட்டும் சமையல் ஆகிவிடுமா? பக்குவம் தெரிய வேண்டும். எந்த வேகத்தில் சுற்றுவது, லென்ஸை எவ்வளவு மேலே தூக்குவது, உள்ளே வந்தது நிஜமான கேம் டிஸ்கா, திருட்டு காப்பியா என்று எப்படிக் கண்டு பிடிப்பது, இந்தப் பக்குவமெல்லாம் டிரைவில் உள்ள ஒரு சில்லில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. கரண்ட் இல்லாவிட்டாலும் மறக்காது. இதற்குத்தான் ஃபர்ம்வேர் என்று பெயர். நம் வாஷிங் மெஷினிலும் மைக்ரோவேவ் அடுப்பிலும் கூட இது உண்டு.

கம்பெனி அவ்வப்போது இந்தப் பக்குவத்தைத் திருத்தி அனுப்புகிறது. அதுதான் அப்டேட். சில அப்டேட்கள் பெட்டியின் மூளையை மட்டும் தொடாமல், டிரைவின் சில்லிலும் புதிதாக எழுதும். பழையதை அழித்துப் புதியதை எழுதிக் கொண்டிருக்கும் நேரத்தில் கரண்ட் நின்றால், பாதி பழசு, பாதி புதுசு. அரை வேக்காட்டில் அடுப்பை அணைத்த கதைதான். மோட்டாரும் நன்றாக இருக்கும், லென்ஸும் நன்றாக இருக்கும், ஆனால் டிரைவுக்கு என்ன செய்வது என்றே தெரியாது.

நம் தவறு இல்லாமலும் இப்படி ஆவது உண்டு. 2013 ஜூன் மாதம் சோனி கம்பெனி பிளேஸ்டேஷன் 3-க்கு வெளியிட்ட 4.45 என்ற அப்டேட்டைப் போட்ட சிலருடைய பெட்டிகள் மேற்கொண்டு இயங்காமல் நின்றுவிட்டன. கம்பெனி அதை நிறுத்தி வைத்து, அதே மாதம் திருத்திய 4.46-ஐ வெளியிட்டது. கம்பெனிக்கே சறுக்குகிறது, நாம் எம்மாத்திரம்!

இன்னொரு பீரோவின் சாவி

"சரிப்பா, முதல் கடைக்காரர் நல்ல டிரைவைத்தானே போட்டார்? ஏன் ஓடலை?" என்று கேட்டேன்.

"உங்க பீரோ சாவி மாதிரியே பக்கத்து வீட்டு பீரோ சாவியும் இருக்கும். ஆனா திறக்குமா, ஆன்ட்டி?" என்று சிரித்தான்.

ஒவ்வொரு பெட்டியின் மெயின் போர்டுக்கும் அதன் டிரைவுக்கும் தொழிற்சாலையிலேயே ஒரு ரகசிய எண் கொடுத்து ஜோடி சேர்த்துவிடுகிறார்கள். பிளேஸ்டேஷன் 3, பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் 360 எல்லாவற்றிலும் இந்த ஏற்பாடு உண்டு. வேறு பெட்டியின் டிரைவைப் போட்டால் சுற்றும், இழுக்கும், துப்பும், கேம் மட்டும் வராது. அதனால் விவரம் தெரிந்த மெக்கானிக், கெட்டுப் போன லென்ஸையோ மோட்டாரையோ மாற்றுவாரே தவிர, டிரைவில் உள்ள பழைய சின்ன போர்டை அப்படியே வைத்துக் கொள்வார்.

இந்தப் பூட்டு எதற்கு என்றால், திருட்டு டிஸ்குக்குப் பயந்துதான். 2006-ல் எக்ஸ்பாக்ஸ் 360 டிரைவின் ஃபர்ம்வேரையே சிலர் மாற்றி எழுதி, காப்பி டிஸ்கை ஓட வைத்தார்கள். 2009-ல் மைக்ரோசாஃப்ட் அப்படி மாற்றிய பெட்டிகளைக் கண்டு பிடித்துத் தன் இன்டர்நெட் விளையாட்டுச் சேவையிலிருந்து கூட்டமாக விலக்கியது. கள்ளனுக்குப் போட்ட பூட்டு நம்மைப் போல ரிப்பேர் செய்ய நினைப்பவர்களையும் சேர்த்தே தடுக்கிறது.

இதைப் பற்றி உலகத்திலும் பேச்சு எழுந்திருக்கிறது. அமெரிக்காவில் 2021 அக்டோபரில், கேம் பெட்டியின் டிஸ்க் டிரைவை ரிப்பேர் செய்வதற்காக மட்டும் இந்தப் பூட்டைத் தாண்டலாம், வேலை முடிந்ததும் பூட்டைப் பழையபடி ஆக்கிவிட வேண்டும் என்று காப்புரிமைச் சட்டத்தில் விலக்குக் கொடுத்தார்கள். 2023-ல் வந்த புதிய பிளேஸ்டேஷன் 5-ல் டிரைவை நாமே கழற்றி மாட்டலாம். ஆனால் முதல் தடவை ஜோடி சேர்க்க இன்டர்நெட் தேவை. நம் நாட்டிலும் மத்திய அரசின் நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் 'ரைட் டு ரிப்பேர்' என்று ஓர் இணையதளம் தொடங்கியது. செல்போன், எலெக்ட்ரானிக் சாமான்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், வண்டிகள், விவசாயக் கருவிகள் ஆகியவற்றைத் தயாரிப்பவர்கள் ரிப்பேர் விவரங்களை மக்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

குப்பை கை கொடுத்தது

பேப்பரில் சுற்றி வைத்திருந்த பழைய டிரைவை எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பையனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இதைத் தூக்கிப் போட்டிருந்தீங்கன்னா ஒண்ணும் பண்ண முடியாது, ஆன்ட்டி" என்றான். அதை மறுபடி மாட்டினான். கம்பெனியின் சொந்த இணையதளத்திலிருந்து அப்டேட்டை ஒரு பென் டிரைவில் இறக்கினான். பெட்டியை 'சேஃப் மோட்' என்கிற அவசர நிலையில் திறந்து, பென் டிரைவிலிருந்து அப்டேட்டை ஓட்டினான்.

பாதியில் நின்றுவிட்டது. எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக் கொண்டது. அவன் பதறவில்லை. பெட்டியை அணைத்துத் திறந்து, டிரைவுக்குப் போகும் பட்டையான ஒயரை அழுத்திச் சரியாக உட்கார வைத்தான். டிரைவ் பதில் சொல்லாவிட்டால் அப்டேட்டும் ஒரே இடத்தில் நின்று கொண்டே இருக்குமாம். இரண்டாவது முறை நிற்காமல் ஓடி முடிந்தது. டிஸ்கைப் போட்டான். 'சரக்' என்று உள்ளே போனது. கிரிக்கெட் மைதானம் டி.வி.யில் வந்தது.

லென்ஸ் போகவே இல்லை. மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் தண்டம்தான்.

எல்லாருக்கும் இப்படியே சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். சில்லே கெட்டிருந்தால் இந்த வைத்தியம் பலிக்காது. ஆனால் செலவில்லாத வைத்தியத்தை முதலில் செய்து பார்ப்பதுதானே புத்திசாலித்தனம்?

நோய் எது என்று கண்டு பிடிக்க

கடைக்குத் தூக்கிக் கொண்டு ஓடும் முன் நாமே பார்க்கக் கூடியவை:

ஒரு டிஸ்க் மட்டும் ஓடவில்லையா? குறை டிஸ்கில் இருக்கலாம். மெத்தென்ற பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. தின்னர், பெட்ரோல் கிட்டவே கொண்டு போகாதீர்கள்.

சினிமா டி.வி.டி. ஓடுகிறது, கேம் டிஸ்க் மட்டும் ஓடவில்லையா? டி.வி.டி.யைப் படிப்பது சிவப்பு லேசர், ப்ளூ-ரே கேம் டிஸ்கைப் படிப்பது நீல ஊதா லேசர். ஒன்று மட்டும் பலவீனமாகியிருக்கலாம். சாதாரண டி.வி.டி.யில் 4.7 ஜி.பி. அடங்கும், ப்ளூ-ரேயில் ஓர் அடுக்கிலேயே 25 ஜி.பி. அடங்கும். அவ்வளவு நுணுக்கி எழுதியதைப் படிக்கக் கண் கூர்மையாக இருக்க வேண்டும் அல்லவா?

நாளுக்கு நாள் மோசமாகி, பத்து முறைக்கு ஒரு முறை படிக்கிறதா? தூசி, அல்லது தேய்ந்த லென்ஸ். எங்கள் பக்கத்தில் செம்மண் புழுதிக்குக் கேட்கவா வேண்டும்! டி.வி. ஸ்டாண்டில் காற்றோட்டம் இருக்கட்டும். பெட்டி சூடாக இருக்கும்போது துணி போட்டு மூடாதீர்கள்.

அப்டேட் அல்லது கரண்ட் கட் ஆன மறு நாளே திடீரென்று எல்லா டிஸ்கையும் துப்புகிறதா? ஃபர்ம்வேர் மேல் சந்தேகப்படுங்கள். உதாரணத்துக்கு, பிளேஸ்டேஷன் 4-ஐ முழுசாக அணைத்துவிட்டு, பவர் பட்டனை இரண்டாவது 'பீப்' கேட்கும் வரை சுமார் 7 விநாடி அழுத்திக் கொண்டிருந்தால் சேஃப் மோட் வரும். கன்ட்ரோலரை ஒயரால் இணைக்க வேண்டும். அங்கே அப்டேட் செய்ய ஓர் இடம் இருக்கும். 'இனிஷியலைஸ்' என்று இருப்பதை மட்டும் யோசிக்காமல் தொடாதீர்கள். பிள்ளைகள் மாதக் கணக்கில் சேர்த்து வைத்த விளையாட்டெல்லாம் அழிந்து போகும்.

எதுவானாலும் பெட்டியை நாமே திறக்க வேண்டாம். உள்ளே கரண்ட் தேங்கி நிற்கும் பாகங்கள் உண்டு, லேசர் கண்ணுக்கு ஆகாது.

நினைவில் வையுங்கள்

அப்டேட் ஓடும்போது எந்தக் காரணத்துக்காகவும் சுவிட்சைத் தொடாதீர்கள். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தப் போவதாக அறிவித்த நாளில் அப்டேட்டே வேண்டாம். 2011 டிசம்பர் 30-ல் அடித்த தானே புயலுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் பலர் இன்வெர்ட்டர் வாங்கினார்கள். ஆனால் பல வீடுகளில் ஃபேனும் விளக்கும் மட்டும்தான் அதில் சேர்ந்திருக்கும். டி.வி. பிளக்கும் சேர்ந்திருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.

கடையில் கொடுக்கும்போது, "டிரைவை மாத்தினா பழைய போர்டை அப்படியே வைப்பீங்களா?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியிலேயே அவருக்குத் தொழில் தெரியுமா என்று தெரிந்துவிடும். என்ன மாற்றினார் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். கழற்றிய சாமானையும் கையோடு வாங்கிக் கொள்ளுங்கள். ஏமாற்றிவிட்டதாகத் தோன்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் சொல்லலாம்.

கடைசியாக ஒன்று

நெய்வேலியிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது இவர் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் நான் மகனைக் கூப்பிட்டு, இவர் முன்னாலேயே சொன்னேன்: "நீ கெடுக்கலைடா கண்ணா. அன்னிக்கு ராத்திரி அம்மாதான் சுவிட்சை அணைச்சேன். நீ வந்து சொன்னதைக் காதுல வாங்கலை. தப்பு என்னுது."

அவன் என்னைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். "நான் அன்னிக்கே சொன்னேன்ல, நான் ஒண்ணும் பண்ணலைன்னு" என்றான். அவ்வளவுதான். கண்ணில் நீர் கட்டி நின்றது. இவர் அவன் தலையில் கையை வைத்து, "தப்புதான்டா" என்றார். பிள்ளையிடம் அப்படிச் சொல்லி இவரை நான் பார்த்ததே இல்லை.

"கேம் பெட்டி கெட்டால் நல்லதுதானே, பிள்ளை படிப்பான்" என்று சிலர் சொல்லலாம். விளையாட்டு வேண்டாம் என்றால், வேண்டாம் என்று நேராகச் சொல்லி எடுத்து வைத்துவிடலாம். செய்யாததைச் செய்தாய் என்பது வேறு. என் பிள்ளை மூன்று வாரம் அதைச் சுமந்தான்.

இப்போது எங்கள் டி.வி. சுவிட்சின் மேல் மகன் எழுதி ஒட்டிய ஒரு காகிதம் இருக்கிறது: 'விளக்கு மினுக்கினால் அணைக்காதே. என்னைக் கேள்.' ராத்திரி மாவாட்டி முடித்து ஹாலைக் கடக்கும்போது ஒரு முறை நின்று படித்துவிட்டுத்தான் போகிறேன். உங்கள் வீட்டிலும் இன்றைக்கே ஒன்று எழுதி ஒட்டிவிடுங்கள், சகோதரிகளே!